கொடையும் கூலியும்: இஸ்லாமிய ஈகையறமும் தமிழ் முஸ்லிம் புலவர்களின் வள்ளற் புகழ்ச்சியும்

கொடுத்தவனைப் பாடுதல் தமிழிலே மிகப் பழைய வழக்கு. சான்றோர் செய்யுட்களில் வேரூன்றிய அவ்வழக்கு காப்பியங்களும் பிரபந்தங்களும் பெருகிய பிற்காலங்களிலும் அறாது வந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டளவில் தமிழ் முஸ்லிம் புலவர்கள் பெருநூல்கள் இயற்றத் தலைப்பட்டபோது, காப்பிய அமைப்பையும் யாப்பையும் அணியையும் ஏற்றுக்கொண்டது போலவே இவ்வழக்கையும் ஏற்றுக்கொண்டனர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் கதையோட்டத்திடையே அபுல் காசிம் மரைக்காயரைப் பல இடங்களில் நன்றியோடு நினைவு கூர்கிறார். கீழக்கரைச் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் சீதக்காதி என்னும் பெயரோடு வாழ்த்துப் பாடலுக்கும் நாடகத்துக்கும் செவிவழிக் கதைக்கும் உரியவராகிவிட்டார்.

ஆயின், இவ்வள்ளல்கள் ஏற்றிருந்த சமயமோ, வலக்கை கொடுப்பதை இடக்கையும் அறியாதிருத்தல் வேண்டும் என வற்புறுத்துவது. பிறர் காணவேண்டும் என்று செய்யப்படும் நற்செயலை அது 'ரியா' எனப் பெயரிட்டு விலக்குகிறது; இறைவனுக்காகவே என்ற கலப்பற்ற உள்ளத்தை 'இக்லாஸ்' எனப் போற்றுகிறது. அங்ஙனமாயின், மறைந்திருக்க வேண்டிய கொடையைப் புலவன் ஊரறியப் பாடுவது எவ்வாறு பொருந்தும்? பாட்டுப் பெற்ற வள்ளல் தன் கொடையின் பயனை இழந்துவிடுகின்றானா?

இஸ்லாமியத் தமிழிலக்கியத்தை ஆராய்ந்தோர் இவ்வினாவைப் பெரிதும் எழுப்பியதில்லை. உமறுவின் புரவலர் வாழ்த்தைக் கம்பர் சடையப்ப வள்ளலைப் போற்றிய மரபின் தொடர்ச்சி எனச் சிலர் காட்டி அமைவர். வேறு சிலர் அதனைப் புலவரின் காலத்தை அறிய உதவும் சான்றாக மட்டும் கொள்வர். இரண்டும் பயனுடையனவே. எனினும், ஒரு சமய அறமும் ஓர் இலக்கிய மரபும் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அவை விளக்குவதில்லை. அதனை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திருக்குர்ஆன் காட்டும் ஈகை

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 261ஆம் வசனம் முதல் 274ஆம் வசனம் வரையுள்ள பகுதி ஈகை பற்றிய தொடர்ச்சியான பேச்சாக அமைந்துள்ளது. இதன் பொருளைப் போலவே இதன் உவமைகளும் ஆழ்ந்து நோக்கற்பாலன. முதலில் வருவது ஒரு வித்து. அவ்வித்து ஏழு கதிர்களை ஈனுகின்றது. ஒவ்வொரு கதிரிலும் நூறு மணிகள். இறைவழியில் செலவிடப்பட்ட பொருள் இவ்வாறு பெருகும் என்பது கருத்து.

இவ்வளவு பெரிய விளைச்சலைக் காட்டிய உடனேயே, அது அழியும் வழியும் கூறப்படுகின்றது. கொடுத்தபின் அதனைச் சொல்லிக் காட்டுவதும், பெற்றவன் மனத்தைப் புண்படுத்துவதும் கொடையை இல்லாததாக்கிவிடும். புண்படுத்தல் தொடரும் கொடையினும், கொடுக்க இயலாதவன் கூறும் ஓர் இன்சொல்லே மேலானது என்கிறது 263ஆம் வசனம். தமிழில் 'சொல்லிக் காட்டுதல்' என்னும் வழக்குத் தொடர் அரபுச் சொல்லான 'மன்னு' என்பதன் பொருளை ஏறத்தாழ முழுமையாகவே தாங்கி நிற்கின்றது. கொடுத்ததைச் சொல்லுதல் வேறு. சொல்லிக் காட்டுதல் வேறு. பின்னதில், பெற்றவன் மீண்டும் ஒருமுறை கையேந்தி நிற்குமாறு செய்யப்படுகின்றான்.

அடுத்து வரும் மூன்று உவமைகளும் நிலத்தையும் நீரையும் பற்றியன. மக்கள் காணவேண்டும் என்று கொடுப்பவனின் செயல் வழுக்குப் பாறைமேற் படிந்த மெல்லிய மண் போன்றது. பெருமழை பெய்ததும் மண் கரைந்து பாறை வெறுமையாகும். இறைவனின் உவப்பை நாடிக் கொடுப்பவனின் செயல் மேட்டுநிலத்துத் தோட்டம் போன்றது. பெருமழை பெய்தால் இருமடங்கு காய்க்கும், மழை இல்லையெனினும் பனித்துளியே போதும். மூன்றாவது உவமை உருக்கமானது. முதுமையடைந்த ஒருவன், வலுவற்ற குழந்தைகள், அவர்களுக்கென்று இருந்த ஒரே தோட்டம். நெருப்பைச் சுமந்த சூறாவளி அதனை எரித்துவிடுகின்றது. பயன் மிகத் தேவைப்படும் வேளையில் ஒன்றுமில்லாது போகும் நிலையே பகட்டுக் கொடையின் முடிவு.

பாறைக்கும் தோட்டத்துக்கும் பெய்யும் மழை ஒன்றே என்பதை நாம் இங்கு கருதவேண்டும். வெளித்தோற்றத்தில் இருவர் கொடையும் ஒத்தனவே. வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாத அடிநிலத்தில் உள்ளது. ஆதலின் ஒருவனது கொடை எத்தகையது என்பதைப் பிறர் தீர்ப்புச் செய்தல் இயலாது. அதனை அவனே தன் உள்ளத்துள் ஆராய்தல் வேண்டும்.

இப்பகுதி கொடையை வெளிப்படுத்துவதை முற்றாக விலக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத் தக்கது. வெளிப்படையாகக் கொடுத்தால் நன்று, மறைத்து வறியோர்க்குக் கொடுத்தால் அது இன்னும் நன்று என்பதே 271ஆம் வசனத்தின் கருத்து. 274ஆம் வசனம் இரவும் பகலும், மறைவாகவும் வெளிப்படையாகவும் செலவிடுவோரை ஒருங்கே வாழ்த்துகின்றது. கடமையான ஸக்காத்து, திரட்டப்பட்டு எட்டு வகையினர்க்குப் பங்கிடப்படும் பொது ஏற்பாடு. அதனை முற்றிலும் மறைவாகச் செய்தல் அரிது. செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு இரப்போர்க்கும் இல்லாதோர்க்கும் உரிய பங்கு எனக் கொள்ளப்படும்போது, அதனைக் கொடுத்தவன் பெருமை பாராட்ட இடமேது? பிறர் உடைமையைப் பிறரிடம் ஒப்படைத்தவன் வள்ளலாகான்.

மறைவின் நோக்கம் 273ஆம் வசனத்தில் தெளிவாகின்றது. வறுமையுற்றும் வற்புறுத்தி இரவாத சிலர் உளர். அவர்தம் தன்மதிப்பினால் அறியாதார் அவர்களைச் செல்வர் என்றே எண்ணுவர். அத்தகையோரை அறிந்து கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. கொடுப்பவனின் உள்ளத்தைக் காக்கும் மறைவு, பெறுபவனின் முகத்தையும் காக்கின்றது.

2. கூலி தீர்ந்த கொடை

நபிமொழித் தொகுப்புகளுள் முஸ்லிம் தொகுத்த நூலில் இடம்பெறும் ஒரு செய்தி நமது ஆய்வுக்கு மையமானது. மறுமையில் முதன்முதல் விசாரிக்கப்படுவோர் மூவர்: போரில் உயிர்நீத்தவன், கற்றுக் கற்பித்த அறிஞன், வாரி வழங்கிய செல்வன். செல்வன் தான் எல்லா நல்வழிகளிலும் பொருளைச் செலவிட்டதாகக் கூறுவான். 'கொடையாளி' என்று பிறர் சொல்லவேண்டும் என்பதற்காகவே அவன் கொடுத்தான் என்றும், அவ்வாறே உலகில் சொல்லப்பட்டாயிற்று என்றும் அவனுக்கு விடையிறுக்கப்படும். அவன் கொடுத்ததை யாரும் மறுக்கவில்லை. அவன் விரும்பிய கூலி முன்னரே முழுமையாகக் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதே அவன்மேல் வரும் தீர்ப்பு.

இக்கருத்து எழுந்த சூழலையும் நோக்குதல் வேண்டும். இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபு நாடு கொடையையும் கொடைப்பாட்டையும் போற்றிய நாடு. ஹரிம் இப்னு சினான் என்னும் தலைவன் தன்னை ஸுஹைர் என்னும் புலவர் போற்றும்போதும் வாழ்த்தும்போதும் பரிசில் தருவதாக உறுதி பூண்டானாம். ஓயாத பரிசிலால் நாணமுற்ற புலவர், அவையினரை வாழ்த்தும்போது ஹரிம் நீங்கலாக ஏனையோரை வாழ்த்துவதாகக் கூறத் தொடங்கினார் என்பர். பாரியையும் குமணனையும் அறிந்த நமக்கு அவ்வுலகம் அந்நியமானதன்று. அங்கு கொடையின் முடிமணியாக விளங்கியவன் ஹாத்திம் தாயி. அவன் மகன் அதீ இஸ்லாத்தைத் தழுவியபின், தந்தையின் கொடைகளுக்குப் பயன் உண்டா என நபிகள் நாயகத்திடம் வினவினார். அவர் தந்தை ஒன்றை விரும்பினார், அதனை அடைந்துவிட்டார் என்னும் கருத்துப்பட நபியவர்கள் விடையளித்ததாக மரபுண்டு. ஹாத்திமின் ஈகை அங்கு இகழப்படவில்லை. அவன் புகழை விரும்பினான், இன்றுவரை புகழப்படுகின்றான், கணக்குத் தீர்ந்தது.

இதன் மறுதலையாக அமைந்த செய்தியொன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. ஒருவன் இரவில் மறைவாகத் தருமம் செய்கின்றான். இருளில் அது ஒரு கள்வன் கையில் விழுகின்றது. மறுநாள் ஊர் நகைக்கின்றது. அடுத்த இரவு ஒரு பரத்தைக்கும், அதற்கடுத்த இரவு ஒரு செல்வனுக்கும் அவன் கொடை சேர்கின்றது. மும்முறையும் அவன் இறைவனையே புகழ்கின்றான். ஈற்றில், அவன் ஈகையால் கள்வன் களவையும் பரத்தை தன் தொழிலையும் விடக்கூடும், செல்வன் படிப்பினை பெற்றுத் தானும் கொடுக்கக்கூடும் என்று அவனுக்கு உணர்த்தப்படுகின்றது. மறைவான கொடை இலக்குத் தவறும், நகைப்புக்கிடமாகும். ஆயினும் அது வீண்போவதில்லை.

எனினும், வெளிப்படையான கொடைக்கும் நபிமொழியிலே இடமுண்டு. முழர் குலத்தினர் சிலர் உடையும் உணவுமின்றி மதீனாவுக்கு வந்தபோது, அவர்தம் நிலைகண்டு நபியவர்களின் முகம் மாறியது. மக்களைக் கொடுக்குமாறு தூண்டினார்கள். மதீனாவாசி ஒருவர் கை தாங்கமாட்டாத பொதியொன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதைக் கண்டு ஏனையோரும் தொடர்ந்தனர். உணவும் உடையும் இரு குவியல்களாயின. நல்வழியொன்றைத் தொடங்கி வைத்தவனுக்கு அதனைப் பின்பற்றியோரின் பயனிலும் பங்குண்டு என்று அப்போது கூறப்பட்டது. அங்கு ஊரறியக் கொடுக்கும் தேவை இருந்தது.

3. இமாம் கஸ்ஸாலியின் பகுப்பு

இவ்விரு நிலைகளையும் இணைத்து உளவியல் நுட்பத்தோடு ஆராய்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (1058-1111). 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் ஸக்காத்தின் உட்பொருளைப் பேசும் பகுதியில், கொடுப்பவன் உள்ளத்தே பேணவேண்டிய கடமைகளை அவர் வகுத்துரைக்கிறார். முன்னோர் சிலர் குருடர் கையில் பொருளை வைத்துச் சென்றதையும், வறியோர் நடக்கும் வழியில் இட்டுச் சென்றதையும், உறங்குபவனின் ஆடையில் முடிந்து வைத்ததையும் அவர் எடுத்துக் கூறுகிறார். வேறு சிலர் பொருளைத் தம் உள்ளங்கையில் ஏந்தி நீட்டினர். வறியவன் அதனை மேலிருந்து எடுத்துக்கொள்வான். அதனால் அவன் கையே மேற்கையாகும். நபியவர்களின் மனைவியரான ஆயிஷாவும் உம்மு ஸலமாவும் ஒருவருக்குப் பொருள் அனுப்பினால், பெற்றவர் கூறும் பிரார்த்தனையை மனத்திருத்தி வருமாறு தூதனிடம் சொல்வார்களாம். பின் அதே பிரார்த்தனையை அவருக்குத் திருப்பிச் செய்வார்கள். வாழ்த்துக்கு வாழ்த்து ஈடாகிவிட, கொடை கைம்மாறின்றி எஞ்சி நிற்கும்.

சொல்லிக் காட்டுதலின் வேர் எங்குள்ளது என்பதை ஆராயும் கஸ்ஸாலி, தான் உபகாரம் செய்தவன் என்று கொடுத்தவன் தன்னைக் கருதுவதே அவ்வேர் என்கிறார். உண்மையில் வறியவன், இறைவனுக்குச் சேரவேண்டிய கடனை இறைவன் சார்பிற் பெற்றுக்கொள்பவன். கடன்காரன், கடன் கொடுத்தவரின் ஏவலாளிடம் பணத்தைச் செலுத்திவிட்டு, அவ்வேவலாளுக்குத் தான் பேருதவி செய்ததாக நினைப்பானாயின் அது பேதைமையாகும். கொடுத்தவனைத் தூய்மைப்படுத்தி விடுவிப்பவன் பெற்றவனே. ஆகையால் உபகாரி பெற்றவன்தான். ஒருவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள அவர் கூறும் வழி கூர்மையானது. நாம் கொடுத்துதவிய ஒருவன் பின்னர் நமக்குத் தீங்கு செய்தாலோ நம் பகைவருடன் சேர்ந்தாலோ, கொடுப்பதற்கு முன் அதே செயலுக்கு எழக்கூடிய சினத்தைவிட இப்போது மிகுந்த சினம் எழுமாயின், அம்மிகுதியே சொல்லிக் காட்டுதலின் எச்சம். வாய் திறவாமலே ஒருவன் சொல்லிக் காட்டுபவனாய் இருத்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

நமது வினாவுக்கு விடை தரும் பகுதி இதற்குப் பின்னர் வருகின்றது. பெறுபவனுக்கும் கஸ்ஸாலி கடமைகள் வகுக்கிறார். அவன் கொடுத்தவனுக்கு நன்றி கூறவேண்டும், அவனுக்காகப் பிரார்த்திக்கவேண்டும், கொடையிற் குறையிருப்பின் மறைக்கவேண்டும், சிறிதாயினும் பெரிதென மதிக்கவேண்டும். மனிதர்க்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கு நன்றி செலுத்தியவனாகான் என்னும் நபிமொழிக் கருத்து இதற்கு அடிப்படை. கொடுப்பவனின் கடமை தன் கொடையைச் சிறிதாக்கிக் காண்பது. பெறுபவனின் கடமை அதனைப் பெரிதாக்கிக் காண்பது. இருவரும் தத்தம் கடமையில் நிற்றல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரண்போலத் தோன்றினும் முரணல்ல. கொடுத்தவன் பெறுபவனின் கடமையைத் தன் உரிமையாகக் கேட்கும்போதே அறம் சிதைகின்றது.

4. தமிழ் மரபின் இரு குரல்கள்

இப்பகுப்பைக் கைக்கொண்டு தமிழ் மரபை நோக்குவாம். திருக்குறளில் ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்னும் மூன்று அதிகாரங்களும் 22, 23, 24 என அடுத்தடுத்து நிற்கின்றன. கைம்மாறு கருதாத மழையை ஒப்புரவுக்கு அளவுகோலாக்கும் வள்ளுவர், வறியவர் அல்லாதார்க்குக் கொடுப்பதைக் குறியெதிர்ப்பை, அதாவது அளந்து திருப்பிப் பெறும் இரவல் போன்றதென ஒதுக்குகிறார். இல்லை என்று இரப்பவன் சொல்லுமுன்பே கொடுத்தலை உயர்குடிப் பண்பென்கிறார். இவையெல்லாம் இஸ்லாமிய ஈகையறத்துக்கு மிக அண்மையிலுள்ளன. ஆனால் புகழ் அதிகாரத்தின் தொடக்கத்திலே, ஈந்து புகழோடு வாழ்தலே உயிர்க்கு ஊதியம் எனக் கூறும்போது வழி பிரிகின்றது. வள்ளுவர் ஊதியம் என்று கண்டதையே நபிமொழி கூலி தீர்ந்தமைக்குச் சான்றாகக் காண்கின்றது.

ஆயினும் தமிழ் மரபு ஒரே குரலில் பேசவில்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடுங்கால், இம்மையிற் கொடுத்து மறுமையிற் பெறலாம் என்று கணக்கிடும் அறவிலை வணிகன் அவன் அல்லன் என்கிறார். சான்றோர் சென்ற நெறி என்பதற்காகவே அவன் கொடுத்தான் என்கிறார். மறுமைப் பயனையும் வாணிகமாகக் கண்டு விலக்கும் இக்குரல் நபிமொழியினின்று வேறுபட்டது. ஆயினும் கைம்மாறு வேண்டாமை என்னும் வேரில் இரண்டும் ஒன்றுகின்றன.

நமது ஆய்வுக்கு இன்னும் முக்கியமானது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறியவனுக்குத் தான் பெற்ற பேற்றைக் கூறி, அப்புரவலனிடம் அவனைச் செலுத்துவது பொருநராற்றுப்படை முதலியவற்றின் அமைப்பு. இங்கு பேசுபவனும் பெற்றவன்; கேட்பவனும் பெறவேண்டியவன். கொடுத்தவன் இவ்வுரையாடலில் இல்லை. புகழ்ச்சி அங்கு வழிகாட்டலாகிப் பிறர் பசியைத் தீர்க்கின்றது. கஸ்ஸாலி பெறுபவனுக்கு வகுத்த கடமையை, அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓர் இலக்கிய வகையாக்கியிருந்தது தமிழ் மரபு. எனவே முஸ்லிம் புலவர்கள் தமிழ் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது வெறும் முகமன் மட்டுமன்று. பெற்றவன் பேசும் உரிமையையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

5. சீறாவும் நொண்டியும் திருமண வாழ்த்தும்

ஒரு புகழ்ச்சியை இவ்வறத்தோடு பொருத்தி மதிப்பிட மூன்று வினாக்கள் போதும் எனலாம். பேசுபவன் யார்? யாரை நோக்கிப் பேசுகிறான்? அப்பேச்சால் நன்மையடைபவன் யார்?

சீறாப்புராணத்தில் பேசுபவர் ஆதரவு பெற்ற புலவர். நூலோ நபிகள் நாயகத்தின் வரலாறு. கேட்போர் அதனை ஓதி மகிழும் மக்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட அப்பெருநூலில் அபுல் காசிமின் பெயர் ஆங்காங்கே தோன்றி மறைகின்றது. காவியத் தலைவரின் பேரொளியில் புரவலர் ஒரு சிறு விளக்காகவே நிற்கிறார். புனித வரலாற்றிடையே புரவலர் பெயர் இடையிடுவது சிலர் செவிக்கு இடறலாகலாம். ஆயினும் பெற்றவன் நன்றி என்ற முறையில் அது இஸ்லாமிய அறத்துக்குப் புறம்பாகாது என்பதே எமது துணிபு. சீறாவுக்கு முதற்காரணராகக் கூறப்படும் சீதக்காதியின் பெயர் அந்நூலில் போற்றப்படவில்லை என்பதை ஆய்வாளர் சுட்டுவர். நூல் நிறைவேறுமுன் அவர் மறைந்தமையும், பின்னர் அபுல் காசிம் ஆதரித்தமையும் காரணமாகக் கூறப்படும். இவ்வின்மையைச் சீதக்காதியின் அடக்கத்துக்குச் சான்றாக்குதல் பொருந்தாது; எழுதப்படாமையைக் கொண்டு உள்ளத்தை அளத்தல், எழுதப்பட்டமையைக் கொண்டு அளத்தல் போலவே பிழையாகும்.

சீதக்காதி நொண்டி நாடகம் வேறொரு சிறப்புடையது. களவிற் பிடிபட்டு உறுப்பிழந்த ஒருவன் தன் கதையைத் தானே கூறுவது நொண்டி நாடகத்தின் அமைப்பு. இந்நாடகத்தின் நொண்டி சீதக்காதியின் ஆதரவைப் பெற்று, மக்கா சென்று, இழந்த உறுப்பை மீளப் பெறுகின்றான். வள்ளலின் பெருமையைப் புலவனோ அவையோரோ பேசாது, ஊர் ஒதுக்கிய கள்வனே பேசுகின்றான். இருளில் கள்வன் கையில் விழுந்த தருமம் பற்றிய நபிமொழியை இங்கு நினையாதிருத்தல் அரிது. அங்கு கள்வன் களவை விடக்கூடும் என்பது எதிர்பார்ப்பாக மட்டும் நின்றது. இங்கு அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறி, கள்வனுக்கு வாயும் கிடைக்கின்றது. நாடக ஆசிரியர் அந்நபிமொழியை மனத்திற் கொண்டார் என்று நாம் கூறவில்லை. இரண்டும் ஓர் அறத்தின் இரு பக்கங்களாக அமைந்துள்ளன என்றே கூறுகின்றோம். தகுதி பார்த்துக் கொடுக்கப்படாத கொடையே ஒருவனைத் தகுதியுடையவனாக்குகின்றது.

உமறுப்புலவரின் சீதக்காதி திருமண வாழ்த்தை இவ்வாறு எளிதில் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. மணவிழா வள்ளலுக்கு உரியது. வாழ்த்தும் அவரை நோக்கியது. நேருக்கு நேர் புகழ்வோர் முகத்தில் மண்ணை எறியுமாறு கூறும் கடுமையான நபிமொழி இத்தகைய சூழலைக் கருதியதே. புகழ்பவனது குற்றத்தினும், புகழைக் கேட்பவனுக்கு நேரும் கேட்டையே அது அஞ்சுகின்றது. திருமண வாழ்த்தின் மொழிவளம் பாராட்டுக்குரியது. ஆயினும் பேசுபவன் பெற்றவன் என்னும் முதல் வினாவில் தேறும் அந்நூல், யாரை நோக்கி, யார் நன்மைக்காக என்னும் ஏனை இரு வினாக்களில் தளர்கின்றது. தமிழ் மரபு முஸ்லிம் புலவருக்குத் தந்தவற்றுள் எல்லாம் அவர்தம் சமயத்தோடு இயல்பாக இயைந்தன என்று கொள்ளும் போக்கை இவ்விடத்தில் நாம் கைவிடவேண்டியுள்ளது.

6. இறந்தபின் அறியப்பட்ட இருவர்

இறந்த பின்னும் ஈந்தவர் என்பது மக்கள் வழக்கிற் சீதக்காதிக்கு வாய்த்த பெருமை. பரிசில் நாடி வந்த புலவர் ஒருவர் வள்ளல் மறைந்த செய்தி கேட்டு, அடக்கவிடத்தில் நின்று புலம்ப, மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டு அம்மோதிரத்தை அளித்தது என்பது கதை. இதனை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. மக்கள் உள்ளம் எதனை விரும்பியது என்பதற்கு இது சான்று. கொடையாளியைச் சாவும் தடுத்தலாகாது என்று வறியவன் விரும்புகின்றான்.

இதனோடு ஒப்பிடத்தக்கது மதீனாவில் வழங்கிய மற்றொரு செய்தி. நபியவர்களின் பேரர் ஹுசைனின் மகனும், ஸைனுல் ஆபிதீன் என்று போற்றப்பெற்றவருமான அலீ 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். மதீனாவின் வறிய வீடுகள் பலவற்றுக்கு இரவுதோறும் உணவு வந்து சேர்ந்தது; கொண்டுவந்தவர் யாரென ஒருவருக்கும் தெரியாது. அலீ மறைந்தபின் உணவு நின்றது. அவர் உடலை நீராட்டியோர் முதுகில் சுமை சுமந்த தழும்புகளைக் கண்டனர். அப்பொழுதே ஊர் உண்மையை உணர்ந்தது.

இரு கதைகளிலும் சாவு ஒரு வாயிலாக அமைகின்றது. ஒன்றில் கை கல்லறைக்கு வெளியே வருகின்றது. மற்றதில் கை நின்றுவிட்டமையால் மட்டுமே அது கையென்று அறியப்படுகின்றது. முன்னது கொடையின் தொடர்ச்சியைப் பாடுகின்றது. பின்னது கொடையின் தூய்மையைக் காட்டுகின்றது. இவற்றுள் ஒன்றைத் தமிழ் என்றும் மற்றதை இஸ்லாமியம் என்றும் பிரித்து நிறுத்துதல் தவறாகும். இரண்டும் பெற்றவர் வாய்ச்சொற்களே. முதுகுத் தழும்பைப் பற்றி ஸைனுல் ஆபிதீன் பேசவில்லை. மதீனாவின் வறியவர் பேசினர். மோதிரக் கையைப் பற்றியும் கையுடையவர் பேசவில்லை, இழந்தவர் பேசினர்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். இஸ்லாமிய ஈகையறம் கொடைப் புகழ்ச்சியை முற்றாக மறுக்கவில்லை. புகழை விரும்பும் உள்ளத்தையே மறுக்கின்றது. மறைவு கொடுப்பவனின் கடமை. நன்றி பெறுபவனின் கடமை. தமிழ் முஸ்லிம் புலவர் வள்ளலைப் பாடியபோது பெறுபவனின் கடமையையே பெரும்பாலும் ஆற்றினர். அதற்கேற்ற வடிவங்களை ஆற்றுப்படைக் காலந்தொட்டுத் தமிழ் மரபு பேணி வைத்திருந்தது. புகழ்ச்சி வள்ளலின் முகத்தை நோக்கித் திரும்பிய இடங்களில் அம்மரபும் இவ்வறமும் முழுமையாக இயையவில்லை.

இவ்வேறுபாடு பழைய நூல்களை மதிப்பிடுவதற்கு மட்டும் உரியதன்று. இன்று பள்ளிவாசற் சுவரிலும் பாடசாலை மண்டபத்திலும் கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கும் வழக்கு எல்லாச் சமயத்தவரிடையேயும் பெருகியுள்ளது. உலருணவுப் பொதியைப் பெறும் தாயொருத்தி, அதனை நீட்டுபவரோடு நின்று புகைப்படத்துக்கு முகங்காட்டிய பின்னரே வீடு திரும்பவேண்டிய நிலையும் உண்டு. பிறரைத் தூண்டுவதற்காகவே இவ்வாறு செய்கிறோம் என்று கூறப்படலாம். முழர் குலத்தினர் வந்த நாளில் பொதி வைத்த மனிதரும் பிறரைத் தூண்டினார். ஆனால் அங்கு எல்லோரும் கண்டது பொதியை. இங்கு எல்லோரும் காண்பது அத்தாயின் முகத்தை. அவள் நன்றி கூற விரும்பினால் அது அவள் உரிமை. தன் வாயால், தான் விரும்பும் வேளையில் அவள் கூறுவாள். அவ்வுரிமையை அவளிடமிருந்து முன்கூட்டியே வாங்கிக்கொள்பவன், கொடுத்ததினும் பெரிதொன்றை அவளிடமிருந்து பெற்றுக்கொண்டவனாகின்றான்.